ஊர் இல்லாத தீவு

என் அண்ணன் சென்னியப்பன் மோட்டார் படகு வாங்கிய வருஷம் எங்கள் ஊர்க் கிணறுகளில் குடம் முங்கத் தண்ணீர் இல்லை. நாமக்கல்லுக்கு மேற்கே, சோளமும் கம்பும் நிலக்கடலையும் விளையும் மேட்டுக்காடு எங்களுடையது. ஊர் ஏரியில் பாதி வருஷம் ஆடு மேயும். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு மனுஷன் படகு வாங்கினால் ஜனங்கள் வாயை மூடிக்கொண்டா இருப்பார்கள்? மேட்டூரில் அணை கட்டி முடிந்ததும், அங்கே வேலை பார்த்த வெள்ளைக்காரத் துரை ஒருவர் சீமைக்குப் புறப்பட்டார். அணைத் தண்ணீரில் உல்லாசமாகச் சுற்றிவர அவர் வைத்திருந்த படகு விலைக்கு வந்தது. யாரும் செய்யாததைச் செய்வதில் அண்ணனுக்கு எப்போதும் ஒரு ருசி. வாங்கி, மேட்டூரிலேயே கரையோரம் ஒரு கொட்டகை போட்டு நிறுத்தி வைத்தார். அதை அவர் ‘போட்டு’ என்று சொல்லுவார். ஊரில் அவருக்குப் ‘போட்டுக் கவுண்டர்’ என்று பேர் விழுந்தது.

அந்தப் போட்டில் ஏறி எனக்கு ஒரு தீவு தேடப் போனார்கள். அதை எங்கள் பக்கத்தில் ஆளுக்கு ஒருவிதமாகச் சொல்லிச் சிரித்து முடித்துவிட்டார்கள். போனவள் நான். இனி நான் சொல்கிறேன்.

என் பெயர் சௌந்திரம். பதினாறு வயதில் கட்டிக் கொடுத்தார்கள். பத்தொன்பதில் புருஷன் வாந்திபேதியில் போய்விட்டார். எங்கள் சாதியில் புருஷன் செத்தால் பெண்ணுக்கு வெள்ளைச் சேலை கொடுப்பார்கள். அதைக் கட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குத் திரும்பி வந்தேன். அதற்குப் பிறகு விசேஷ வீட்டில் முன்னால் வரக் கூடாது, வெளியே புறப்படுகிறவர்களுக்கு எதிரே நிற்கக் கூடாது, பூ வாடை படக் கூடாது. எங்கள் காட்டில் வேலை செய்கிற சனங்களில் தாலியறுத்தவள் இன்னொருவனைக் கட்டிக்கொள்வாள். ‘அறுத்துக் கட்டுவது’ என்று அதற்குப் பெயர், அதற்கென்று முறையும் உண்டு. எங்களவர்கள் அந்த வார்த்தையைத் திட்டுவதற்கு மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

ஏழு வருஷம் வெள்ளைச் சேலையில் கழிந்தது. அப்புறம் எங்கள் தோட்டத்துக் கிணற்றில் ஆயில் இஞ்சின் மக்கர் செய்தது. அதைச் சரிபார்க்க அர்த்தநாரி என்பவர் சைக்கிளில் வந்தார். திருச்செங்கோட்டுப் பக்கத்து ஆள், எங்கள் சாதிதான், வேறு குலம். அப்பா அம்மா இல்லை. அணை கட்டும் வேலையில் இஞ்சின்களோடு பழகி, வேலை முடிந்ததும் ஊர் ஊராகப் போய்க் கிணற்று இஞ்சின்களைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்குக் கிணற்றுக்குள் இறங்கி என்னென்னவோ முடுக்கிவிட்டு, “மேல ஆராச்சும் இருக்கறீங்களா? வாய்க்கால்ல தண்ணி வருதுங்களான்னு பாத்துச் சொல்லுங்க” என்று குரல் கொடுத்தார். மேலே நான்தான் இருந்தேன். பார்க்கக் குனிவதற்குள் தண்ணீர் குப்பென்று வந்து என் கால், சேலை எல்லாம் நனைந்துவிட்டது. சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன். ஏழு வருஷத்தில் அப்படிச் சிரித்ததில்லை. அவர் மேலே ஏறி வந்து பார்த்தார். வெள்ளைச் சேலையைக் கண்டதும் எல்லோரும் பார்வையைத் திருப்புவார்கள். அவர் திருப்பவில்லை. எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று, இதைச் சொல்ல எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

அந்த இஞ்சின் அப்புறமும் இரண்டு மூன்று தடவை கெட்டது. அது தானாகக் கெட்டதா என்று என்னைக் கேட்காதீர்கள். கடைசியில் அவரே அண்ணனிடம் நேராகப் போய், “உங்க தங்கச்சியைக் கட்டிக் குடுப்பீங்களா?” என்று கேட்டுவிட்டார். அண்ணன் அவரை அடிக்கவில்லை, வெளியே போகச் சொல்லவும் இல்லை. என்னை முதலில் கட்டிக் கொடுத்தது அவர்தான். அது அவருக்கு உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது. என்னிடம் வந்து, உனக்குச் சம்மதமா என்று கேட்டார். சம்மதம் என்றேன். அண்ணி பொன்னாத்தாள் அடுப்படியில் நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

விஷயம் ஊர்க்கவுண்டர் காதுக்குப் போயிற்று. சின்னண்ணக் கவுண்டர் என்று பெயர். எங்கள் நாட்டில், அதாவது சுற்றுப்பட்ட ஊர்களில், நல்லது கெட்டது எதற்கும் அவர் வாய் திறந்தால்தான் நடக்கும். கோயில் முன்னால் கூட்டம் போட்டார்கள். பெண்பிள்ளைகள் போகக் கூடாது. அண்ணன் மட்டும் போனார். திரும்பி வந்து அவர்கள் சொன்னதை ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னார்: “ஊரு எதுலயும் இந்தத் தாலி ஏறக் கூடாது. ஏறுச்சுன்னா அந்தக் குடிக்கு நெருப்பும் தண்ணியும் கிடையாது.” அதற்கு அர்த்தம், ஒருத்தரும் எங்கள் வீட்டில் கை நனைக்கமாட்டார்கள், எங்களையும் சேர்க்கமாட்டார்கள். வண்ணார் வரமாட்டார், நாவிதர் வரமாட்டார். சாவு விழுந்தால் தூக்க ஆள் வராது.

நான் அழுவேன் என்று அண்ணன் எதிர்பார்த்திருப்பார். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. ஆனால் அவர் முகத்தில் வேறு ஏதோ ஒரு களை இருந்தது. “அம்மிணி, ‘ஊரு எதுலயும்’னுதான சொன்னாங்க? ஊரே இல்லாத எடத்துல கட்டுனா?” என்றார்.

அன்றைக்குத் தொடங்கியது தீவு ஆராய்ச்சி. அண்ணனின் சிநேகிதர் ஒருவர் நாமக்கல்லில் வக்கீல். இருவரும் உட்கார்ந்து உலகத்தில் உள்ள தீவுகளை எல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து அலசினார்கள். முதலில் ராமேசுவரம். அது தீவுதான், ஆனால் அதுவும் ஊர். போதாததற்கு எங்கள் சனங்கள் காரியம் செய்யப் போய்வருகிற ஊர். அடுத்து ஸ்ரீரங்கம். அதைச் சுற்றிக் காவேரி ஓடுகிறது என்பதால் அதையும் தீவுக் கணக்கில் சேர்த்தார்கள். பெருமாளே ஊர் என்று படுத்திருக்கிற இடத்தை ஊர் இல்லை என்று எப்படிச் சொல்வது என்று அதையும் விட்டார்கள். இலங்கைக்குப் போட்டை ஓட்டிக்கொண்டு போகலாம் என்று அண்ணனுக்கு ஒரு ஆசை. போட்டு அணைக்கு மேலே கிடக்கிறது, கடல் அணைக்குக் கீழே எங்கேயோ இருக்கிறது, நடுவில் இவ்வளவு பெரிய சுவர் நிற்கிறதே என்று வக்கீல் எடுத்துச் சொன்னதும்தான் அவர் ஆசை அடங்கியது. ஈரோட்டுப் பக்கம் போனால் மாலை மாற்றிச் சீர்திருத்தக் கல்யாணம் செய்துவைக்கிறார்கள் என்றும் பேச்சு வந்தது. பத்திரிகையில் போட்டுவிடுவார்கள் என்று அண்ணன் பயந்தார். எனக்கு அந்தப் பயம் இல்லை. ஆனால் எங்கள் முறைப்படி, நாவிதர் மங்கல வாழ்த்துப் பாட, தாலி ஏற வேண்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. எந்த முறை என்னை ஒதுக்கியதோ அந்த முறையிலேயே நான் கட்டிக்கொள்ள வேண்டும்.

கடைசியில் மேட்டூர் அணைத் தண்ணீருக்குள் வந்து சேர்ந்தார்கள். அணை நிரம்பியபோது எத்தனையோ ஊர்கள் மூழ்கின. ஊர்களை ஒட்டி நின்ற கரடுகள், அதாவது சின்னக் குன்றுகள், தலையை மட்டும் நீட்டிக்கொண்டு தீவுகளாகிவிட்டன. ஊர் தண்ணீருக்குள் போயிற்று, கரடு மட்டும் மிச்சம். எந்த ஊரிலும் சேராத நிலம் என்று வக்கீல் அடித்துச் சொன்னார். அண்ணன் துள்ளிக் குதித்தார். அவருக்கு ஒரே காரியத்தில் மூன்று லாபம். தங்கைக்குக் கல்யாணம் ஆகும், ஊர்க்கட்டும் உடையாது, போட்டுக்கும் ஒரு வேலை கிடைக்கும்.

கார்த்திகையில், அணை தளும்பி நின்ற சமயத்தில், தீவு பார்க்கப் போனோம். அண்ணன், நான், அர்த்தநாரி, ஊர் நாவிதர் குழந்தைவேல். மங்கல வாழ்த்துப் பாட வேண்டியவர் என்பதால் இடத்தைக் காட்ட அவரையும் அழைத்து வந்திருந்தார் அண்ணன். தீவு என்றால் தான் பாடத் தயார் என்றும், ஊருக்குள் பாடினால் தன் குடும்பத்தைக் குடியெழுப்பிவிடுவார்கள் என்றும் அவர் முதலிலேயே சொல்லிவிட்டார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்கு நிலம் இல்லை, ஊர்தான் சோறு.

அவ்வளவு தண்ணீரை நான் அதுவரை பார்த்ததில்லை. பார்த்ததும் சந்தோஷம் வரும் என்று நினைத்தேன். எங்கள் கிணற்றை நினைத்து எரிச்சல்தான் வந்தது. அர்த்தநாரி இஞ்சினைக் கிளப்பினார். குழந்தைவேல் இரண்டு கையாலும் பலகையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். அண்ணன் படகின் மூக்கில் நின்று, துரை வைத்திருந்தது போலவே ஒரு தொப்பியை மாட்டிக்கொண்டு, அங்கே பார் இங்கே பார் என்று கையை நீட்டிக்கொண்டு வந்தார். சும்மா சொல்லக் கூடாது, காற்று நன்றாக இருந்தது.

முதல் தீவுக்கு நரிக்கரடு என்று பெயர். அண்ணனுக்கு அதைப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. படகை அணைக்கத் தோதான சரிவு இருந்தது. பந்தல் போடச் சமதளம், நல்ல வேப்பமர நிழல், சமையலுக்குக் காற்றுப் படாத ஒரு பாறை மறைவு, எல்லாம் அமைந்திருந்தது. இதையே முடித்துவிடலாம் என்று வெற்றிலைப் பையை அவிழ்த்தார். குழந்தைவேல் மட்டும் கரையோரமாக எதையோ பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு வண்டித்தடம் கரட்டிலிருந்து இறங்கித் தண்ணீருக்குள் போயிற்று. எதிரே கரை வெகு தூரத்தில் இல்லை. அங்கே அதே தடம் தண்ணீரிலிருந்து ஏறிப் போயிற்று. தண்ணீர் வற்றினால் இது தீவாக இருக்காது, கரையோடு சேர்ந்துவிடும், அந்தக் கரையில் இருப்பது ஒரு ஊர் என்றார் அவர்.

அண்ணன் அசரவில்லை. கல்யாணம் தை மாசம், தையில் தண்ணீர் இருக்கும், தாலி ஏறுகிற நேரத்தில் தீவாக இருந்தால் போதும் என்று வக்கீலைப் போலவே பேச ஆரம்பித்தார். எனக்குப் பொறுக்கவில்லை. “அப்பத் தையில நான் பொண்டாட்டி, வைகாசியில முண்டச்சியாங்கண்ணா?” என்று கேட்டேன். அர்த்தநாரி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். அண்ணன் வெற்றிலைப் பையைக் கட்டி மடியில் செருகிக்கொண்டார்.

இரண்டாவது மொட்டைக்கரடு. ஒரு மரம் இல்லை, வெறும் பாறை. மேலே ஏறிப் பார்த்தால் முனியப்பன் வேல் ஒன்று ஊன்றியிருந்தது. அதன் நுனியில் எலுமிச்சம்பழம் வாடாமல் குத்தியிருந்தது. யாரோ பரிசலில் வந்து கும்பிட்டுப் போயிருக்கிறார்கள். ஊர் தண்ணீருக்குள் போனாலும் சாமி இன்னும் அந்த ஊர்ச் சாமிதான், சாமி இருக்கிற வரைக்கும் எல்லை உண்டு என்று அண்ணனே தீர்ப்புச் சொல்லிவிட்டுக் கும்பிட்டுக்கொண்டு இறங்கினார். அந்த வெயிலில் பாறை மேல் ஏறி இறங்கியதில் எனக்குக் கால் கொப்பளித்துவிட்டது. பெண் பார்க்க வருகிறவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். இடம் பார்க்க இப்படி அலைந்த கல்யாணப் பெண் நான் ஒருத்திதான் இருப்பேன்.

மூன்றாவது கரடு வெகுதூரம் தள்ளி, நடுத்தண்ணீரில் இருந்தது. பச்சைப்பசேல் என்று மரங்கள், எந்தக் கோடையிலும் கரையோடு ஒட்டாத ஆழம். நெருங்கிப் போனதும் மரங்களுக்கு நடுவே புகை தெரிந்தது. இறங்கினோம். மூன்று நான்கு குடிசைகள், ஆடுகள், காயப்போட்ட மீன் வலை. நடுத்தர வயதில் ஒரு பெண் எங்களைப் பார்த்து எழுந்து வந்தாள். ஆராயி என்று பெயர் சொன்னாள். அவள் புருஷன் சென்றாயன் பரிசலில் மீன் பிடிக்கப் போயிருந்தான். அணைத் தண்ணீர் ஏறியபோது மற்றவர்கள் எல்லோரும் சர்க்கார் கொடுத்ததை வாங்கிக்கொண்டு வெளியே போனார்கள். இவர்களுக்குப் பேரில் நிலம் இல்லாததால் கொடுப்பதற்கு எதுவும் இல்லையாம். தண்ணீர் ஏற ஏற இவர்களும் கரட்டு மேல் ஏறிக் குடிசை போட்டுக்கொண்டார்கள்.

கேட்காமலே ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து என்னிடம் நீட்டினாள். வெள்ளைச் சேலைக்காரி மூன்று ஆம்பிளைகளோடு போட்டில் வந்திருக்கிறாளே என்ன சங்கதி என்று கேட்டாள். நான் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அர்த்தநாரியை மேலும் கீழும் பார்த்தாள். மாப்பிள்ளை பரவாயில்லை என்று சொல்லிவிட்டு, இதற்கு எதற்குத் தீவு என்று கேட்டாள்.

அண்ணனுக்குத் தீவு மனசுக்குப் பிடித்துவிட்டது, ஆட்கள் இருப்பதுதான் பிடிக்கவில்லை. நாலு குடிசை இருந்தாலும் ஊர் ஊர்தான் என்று கொஞ்ச நேரம் தாடையைத் தடவிக்கொண்டு நின்றார். அப்புறம் அவருக்கு ஒரு யோசனை உதித்தது. ஆராயியைக் கூப்பிட்டு நயமாகவே சொன்னார்: கல்யாணத்தன்று ஒரு நாள் மட்டும் நீங்கள் எல்லோரும் ஆடுகளை ஓட்டிக்கொண்டு அக்கரைக்குப் போய்விடுங்கள், போட்டிலேயே கொண்டுபோய் விடுகிறேன், சாயங்காலம் கொண்டுவந்து விட்டுவிடுகிறேன், வேண்டியதைத் தருகிறேன்.

ஆராயி சத்தம் போடவில்லை. கீழே வைத்திருந்த சொம்பை எடுத்துக்கொண்டாள். “ஒருக்கா எந்திரிச்சாச்சுங்க சாமி. இனி ஆரு சொன்னாலும் எந்திரிக்க மாட்டோம்” என்றாள்.

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. இந்தச் சனங்களைத் தண்ணீர் துரத்தியது போதாதென்று என் கல்யாணமும் துரத்த வேண்டுமா? அந்தக் கூச்சத்தில்தான் எனக்குப் புத்தி தெளிந்தது. அதுவரைக்கும் நானும் நிழலையும் சரிவையும் பார்த்துக்கொண்டு திரிந்தேன். யாரும் இல்லாத இடத்தைத் தேடுகிறோம், யாரும் இல்லாத இடத்தில் நடந்தால் அது நடந்தது என்று யார் சொல்வார்கள் என்று ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. அண்ணனுக்கு முன்னால் போய் நின்றேன்.

“ஊரே இல்லாத எடத்துல தாலி கட்டுனா ஆருங்கண்ணா சாட்சி? இந்தத் தண்ணியா? ‘அவளுக்கு எங்க கல்யாணம் ஆச்சு, அர்த்தநாரி வெச்சிருக்கறவ அவ’ன்னு நாளைக்குச் சொல்லுவாங்க. அப்படிச் சொல்லிக்கட்டும்னு நீங்களே வழி பண்ணிக் குடுக்கறீங்க. எனக்குத் தீவு வேண்டாமுங்க. நம்ம ஊருக்குள்ள, நம்மூட்டு வாசல்ல கட்டுறதுன்னாக் கட்டட்டும்.”

அண்ணனுக்கு மூஞ்சி சிவந்துவிட்டது. நெருப்பும் தண்ணீரும் நிற்கும் என்று கத்தினார். தன் பிள்ளைகளுக்கு நாளைக்கு யார் பெண் கொடுப்பார்கள் என்று கேட்டார். அது நியாயமான கேள்விதான், இல்லையென்று நான் சொல்லவில்லை. உங்களுக்குப் பயமாக இருந்தால் நீங்கள் வரவேண்டாம், எனக்கு வாசலை மட்டும் கொடுங்கள் என்றேன். குழந்தைவேல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். தன்னால் ஊருக்குள் வந்து பாட முடியாது என்று திரும்பவும் சொன்னார். தெரியும் என்றேன். அர்த்தநாரி பக்கம் திரும்பினேன்.  உங்களுக்கு எந்த இடம் சம்மதம் என்று கேட்டேன்.

“நீங்க நிக்கற எடமுங்க,” என்றார். கொஞ்சம் யோசித்து, “ஆனா ஊருக்குள்ள நின்னீங்கன்னா எனக்கு இன்னும் சந்தோஷமுங்க” என்றார்.

 திரும்பி வருகிற வழியெல்லாம் அண்ணன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தார்.  ஊர் வந்து சேர்ந்தபோது நான் எதற்கும் தயாராகத்தான் இருந்தேன்.

தை பிறந்தது. எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு அழைப்பதென்றால் தட்டில் வெற்றிலை பாக்கு வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போக வேண்டும். சுமங்கலிகள்தான் போவார்கள். எனக்காகப் போக ஒருத்தியும் துணியமாட்டாள் என்று தெரியும். அண்ணி வருகிறேன் என்றாள், நான் வேண்டாம் என்றேன். தட்டை நானே எடுத்துக்கொண்டேன். வெள்ளைச் சேலையோடுதான் போனேன். வேறு சேலை கட்டிக்கொள்ள எனக்கு இன்னும் நேரம் வரவில்லையே. தன் கல்யாணத்துக்குத் தானே வெற்றிலை வைக்கப் போன தாலியறுத்தவளை அந்தத் தெரு அன்றைக்குத்தான் பார்த்தது. முறைப்படி முதல் வெற்றிலை ஊர்க்கவுண்டர் வீட்டுக்குத்தான். நேரே அங்கே போனேன்.

சின்னண்ணக் கவுண்டர் வாசலில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அவர் சம்சாரம் காளியாத்தாள் கதவைப் பிடித்துக்கொண்டு உள்ளே நின்றாள். தட்டை நீட்டினேன். அவர் தட்டைப் பார்க்கவில்லை, என் சேலையைப் பார்த்தார்.

“எந்த ஊர்ல கல்யாணம்?” என்றார்.

“நம்ம ஊர்லதானுங்க. எங்கூட்டு வாசல்ல.”

“ஆரைக் கேட்டுச் செய்யறீங்க?”

“கேக்கறதுக்கு வரலீங்க மாமா. சொல்றதுக்கு வந்தேன்.”

அவர் கட்டிலை விட்டு எழுந்தார். ஊர்க்கட்டைத் திரும்ப ஒரு தடவை சொன்னார், நெருப்பு, தண்ணீர், நாவிதர், வண்ணார் என்று ஒன்று விடாமல்.   நான் நகரவில்லை. வெற்றிலை பாக்கை எடுத்து அவர் வீட்டு வாசற்படியில் வைத்தேன்.

“எடுத்தாலுஞ் சரி, எடுக்காட்டியுஞ் சரிங்க. வந்தாலுஞ் சரி, வராட்டியுஞ் சரி. ஆனாச் சௌந்திரத்துக்குக் கல்யாணமே ஆகலைன்னு மட்டும் இந்த ஊட்டுக்காரங்க ஒருநாளும் சொல்ல முடியாது. வெத்தலை வெச்சுட்டேன்.”

அப்படியே ஒவ்வொரு வீடாகப் போனேன். சிலர் என்னைக் கண்டதும் கதவைச் சாத்தினார்கள். சாத்திய கதவுக்கு முன்னால் வைத்துவிட்டு வந்தேன். ஒரு கிழவர் காறித் துப்பினார். துப்பியதற்குப் பக்கத்தில், அது படாத இடமாகப் பார்த்து வைத்தேன். தெரு முடிகிற வரைக்கும் ஒரு வீட்டையும் விடவில்லை.

கல்யாணத்தன்று விடியலில் யாரோ குழி தோண்டுகிற சத்தம் கேட்டது. வெளியே வந்து பார்த்தால் அண்ணன் தனியாகப் பந்தல்கால் நட்டுக்கொண்டிருந்தார். நான் நிற்பதைப் பார்த்துவிட்டு, தென்னங்கீற்றை எடுத்துக் கொடு என்று அதட்டினார். அவ்வளவுதான். அண்ணி தன் பெட்டியைத் திறந்து தன்னுடைய கூறைச் சேலையை எடுத்து எனக்குக் கட்டிவிட்டாள். ஏழு வருஷமாக வெள்ளையைத் தவிர எதுவும் படாத உடம்பில் அந்தச் சிவப்பு பட்டதும் நான் அழுதேன். அன்றைக்கு அழுதது அந்த ஒரு தடவைதான்.

தெருவில் ஒரு ஆள் இல்லை. எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. மங்கல வாழ்த்துப் பாட ஆள் இல்லாததால் அண்ணனே பாடினார். எத்தனையோ கல்யாணத்தில் கேட்டதுதான், ஆனால் அவருக்கு முதல் நாலு வரிக்கு மேல் வரவில்லை. வந்த நாலு வரியையே தொண்டை கிழியத் திரும்பத் திரும்பப் பாடினார். அவருக்குக் குரலும் கிடையாது. தெரு முழுக்கக் கேட்டிருக்கும். சாத்திய கதவுகளுக்குப் பின்னால் எத்தனை பேர் காதை வைத்துக்கொண்டு நின்றார்கள் என்று எனக்குத் தெரியாது, ஆனால் நின்றார்கள். அர்த்தநாரி தாலி கட்டினார்.

சொன்னபடி நெருப்பையும் தண்ணீரையும் நிறுத்தினார்கள். அண்ணன் குடும்பம் பட்ட கஷ்டத்தை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். நானும் என் புருஷனும் அங்கேயேதான் இருந்தோம். சேலைகளை நானும் அண்ணியுமே வெளுத்தோம். எங்கள் வீட்டு ஆம்பிளைகள் க்ஷவரத்துக்குத் திருச்செங்கோடு போய் வந்தார்கள். பங்குனியில் கோயில் பொங்கலுக்கு வாசலில் எங்களை நிற்க விடவில்லை. அண்ணன் ஒரு நாளும் அதைச் சொல்லி என்னைக் குத்திக்காட்டவில்லை.

கோடையில் ஊர்க்கவுண்டர் தோட்டத்து ஆயில் இஞ்சின் நின்றுபோயிற்று. கரும்பு காய்ந்தது. சேலத்திலிருந்து கூட்டிவந்த ஆள் பார்த்துவிட்டுக் கையை விரித்தான். வேறு வழியில்லாமல் என் புருஷனுக்கு ஆள் அனுப்பினார்கள். நான் போகக் கூடாது என்றேன். அவர் போனார். கிணற்று மேட்டில் உட்கார்ந்துகொண்டு, ரொம்பத் தாகமாக இருக்கிறது, ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தால் குடித்துவிட்டு இறங்குகிறேன் என்றாராம். யாரும் அசையவில்லையாம். இவரும் அசையவில்லை. மத்தியானம் வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தார். கடைசியில் காளியாத்தாள்தான் சொம்பை எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தாளாம். ஊர்க்கவுண்டர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாராம். ஊர்க்கவுண்டர் வீட்டிலேயே தண்ணீர் கொடுத்த பிறகு மற்றவர்கள் எதற்காக விறைத்துக்கொண்டு இருக்க வேண்டும்? ஒவ்வொரு வீடாகக் கட்டு தளர்ந்தது. கூட்டம் போட்டு எடுத்த தீர்மானத்தைக் கூட்டம் போட்டு யாரும் நீக்கவில்லை. தானாகவே விட்டுப்போயிற்று.

இப்போது உலகச் சண்டை நடக்கிறது, பெட்ரோல் கிடைப்பதில்லை. அண்ணனின் போட்டு மேட்டூர்க் கரையில் கவிழ்ந்து கிடக்கிறது. எனக்கு இரண்டு பிள்ளைகள். ஆனாலும் பேச்சு மட்டும் இன்னும் ஓயவில்லை. போன வாரம் நாமக்கல் சந்தையில் வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து பொறுக்கிக்கொண்டிருந்த ஒருத்திக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. கூட வந்தவளிடம் எங்கள் ஊரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். வெள்ளைச் சேலைக்காரி ஒருத்தி தன் கல்யாணத்துக்குத் தானே வெற்றிலை வைத்தாளாம், ஊரில் ஒரு குஞ்சும் எட்டிப் பார்க்கவில்லையாம். “அப்படியும் ஒரு கல்யாணம் நடந்துதுங்க” என்று மோவாயில் கையை வைத்தாள்.

நான் வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டு அவள் பக்கம் திரும்பினேன்.

“ஆமாங்க, நடந்துது. இன்னொருக்காச் சொல்லுங்க” என்றேன்.